வைஃபை இருக்கிறது, பில் போகவில்லை

கேள்வி: ஈரோட்டில் ஒரு மஞ்சள் வணிகரின் குடோனுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ். எடை மேசையில் ஒன்று, லோடு ஏற்றும் இடத்தில் இரண்டு என மூன்று லேப்டாப்கள் வைஃபையில் ஓடுகின்றன. எஸ்க்யூஎல் சர்வர் ஆபீஸ் அறையில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. வைஃபை விட்டுப்போனால் உடனே தெரியவேண்டும் என்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை 8.8.8.8-க்கு பிங் அனுப்புகிறேன். பதில் வராவிட்டால் ‘நெட் இல்லை’ என்று மெசேஜ் பாக்ஸ் காட்டி, பில் பட்டனை முடக்கிவிடுவேன். போன வாரம் வைஃபை முழுக் கட்டை காட்டியும் அரை நாள் பில் போட முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நேர்மாறாக, ‘நெட் இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டே பில் சேமிக்காமல் தொங்கியது. இணைப்பு மாறினால் விண்டோஸே சொல்லும் என்று நண்பர் ஒருவர் ‘நெட்வொர்க் சேஞ்ச்’ பற்றிச் சொன்னார். போட்டுப் பார்த்தேன், லேபிளை மாற்றும் வரியிலேயே எர்ரர் வந்து நின்றுவிட்டது. எந்த வழியில் போவது?

— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் சர்வர் ஆபீஸ் அறையில், லேப்டாப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உங்கள் பிங் போவதோ கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வருக்கு. அரை நாள் பில் நின்ற அன்று குடோனில் ப்ராட்பேண்ட் போயிருக்கும். கூகுளுக்கு வழியில்லை, ஆனால் ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தவரை லேப்டாப்பும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கலாம். பேசவிடாமல் பட்டனை முடக்கியது நீங்கள்தான். இரண்டாவது சம்பவத்தில், லேப்டாப்பை யாரோ தன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். ப்ராட்பேண்ட் போய் ‘நெட் இல்லை’ என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் லோடுமேன் தம்பி வேறென்ன செய்வார்? ஹாட்ஸ்பாட்டில் கூகுள் கிடைக்கும், உங்கள் சர்வர் கிடைக்காது. பழைய இணைப்பு திரும்பி வந்த பிறகும் லேப்டாப் அந்த ஹாட்ஸ்பாட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு, அந்த போன் பக்கத்தில் வரும்போதெல்லாம் தாவும் வாய்ப்பும் உண்டு.

ஆகவே எந்த ஈவென்ட்டைப் பிடிப்பது என்பதற்கு முன், எது மாறினால் உங்கள் மென்பொருளுக்குக் கவலை என்று முடிவுசெய்ய வேண்டும். ‘வைஃபை மாறியது’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் நான்கு சமாச்சாரங்கள் இருக்கின்றன. லேப்டாப்பின் ரேடியோ ஆக்சஸ் பாயின்ட்டோடு கைகோத்துக்கொண்டது ஒன்று. அதற்கு ஐபி முகவரி கிடைத்தது இன்னொன்று. வெளியே இணையம் இருப்பது மூன்றாவது. உங்கள் சர்வர் பதில் சொல்வது நான்காவது. விண்டோஸில் முதல் மூன்றுக்கும் தனித்தனி இலாகாக்கள். ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்குத்தான் சேதி அனுப்பும். நான்காவதைப் பற்றி விண்டோஸுக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அந்த நான்காவதுதான்.

இதை எழுதும் முன் என் லேப்டாப்பில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். வரும் ஈவென்ட்டையெல்லாம் நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதவிட்டு, ரவுட்டரின் கரண்டைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பிடுங்கியதும் முதலில் துண்டிப்புச் சேதி, ஒட்டினாற்போல் முகவரி மாற்றச் சேதி இரண்டு. ரவுட்டர் எழுந்து உட்கார்ந்த பிறகு ‘இணைப்பு தொடங்கியது’, அடுத்த விநாடி ‘இணைப்பு முடிந்தது’, அதே விநாடியில் ஒரு முகவரி மாற்றம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முகவரி மாற்றம். அந்த முதல் முகவரி மாற்றம் வந்த கையோடு எட்டிப் பார்த்தால், வைஃபை அடாப்டரில் ஐபிவி6-இன் உள்ளூர் முகவரி மட்டும்தான் இருந்தது. ரவுட்டர் கொடுக்க வேண்டிய ஐபிவி4 முகவரி இரண்டாவது சேதியோடுதான் வந்தது. ‘இணைப்பு முடிந்தது’ என்றதும் பாய்ந்துபோய் டேட்டாபேஸைத் திறந்திருந்தால் தோல்விதான். ரவுட்டர் முகவரி தரத் தாமதமானால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும். அதற்கும் ஒரு முகவரி மாற்றச் சேதி வரும். அதைப் பார்த்து இணைப்பு வந்துவிட்டதென்று மகிழ்ந்த மென்பொருள்கள் ஏராளம்.

இனி உங்கள் நண்பர் சொன்ன ‘நெட்வொர்க் சேஞ்ச்’. டாட்நெட்டில் அதற்கு இரண்டு ஈவென்ட்கள். ‘நெட்வொர்க் அவைலபிலிட்டி சேஞ்ச்டு’ என்பதை நம்பவேண்டாம். லூப்பேக், டனல் ஆகியவை நீங்கலாக ஏதாவது ஒரு அடாப்டர் உயிரோடு இருந்தாலே அது ‘நெட்வொர்க் இருக்கிறது’ என்று சொல்லும். லேப்டாப்பில் விஎம்வேரோ விர்ச்சுவல்பாக்ஸோ போட்டிருந்தால், அவற்றின் போலி அடாப்டர்கள் எப்போதும் உயிரோடு நிற்கும். வைஃபை போனாலும் இந்த ஈவென்ட் வாயே திறக்காது. உங்களைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களின் கம்ப்யூட்டரில்தான் இவை இருக்கும், வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் இருக்காது. அதனால் நம்மிடம் வேலை செய்யாதது அவரிடம் வேலை செய்து, குழப்பம் இரட்டிப்பாகும். ‘நெட்வொர்க் அட்ரஸ் சேஞ்ச்டு’ என்ற மற்றொன்று எளிமையானது. எந்த அடாப்டரில் எந்த முகவரி மாறினாலும் கத்தும். என்ன மாறியது என்று சொல்லாது. அதுபோதும் நமக்கு. நாய் குரைத்தால் வாசலில் வந்தது யார் என்று நாம்தானே எழுந்துபோய்ப் பார்க்கிறோம்.

உங்களுக்கு வந்த எர்ரருக்குக் காரணம், இந்த ஈவென்ட் ஃபார்ம் ஓடும் த்ரெட்டில் வருவதில்லை. பின்னால் வேறொரு த்ரெட்டில் வருகிறது. அங்கிருந்து லேபிளைத் தொட்டால் விண்டோஸ் ஃபார்ம்ஸ் கோபித்துக்கொள்ளும். ‘பிகின் இன்வோக்’ மூலம் வேலையை ஃபார்மின் த்ரெட்டுக்கே தள்ளிவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இவை ஸ்டேட்டிக் ஈவென்ட்கள். பில் ஃபார்மைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே சந்தா கட்டிவிட்டு, மூடும்போது விலக்காமல் விட்டால், மூடிய ஃபார்ம்கள் எல்லாம் மெமரியில் ஆவியாக அலையும். சாயங்காலத்துக்குள் ஒரே மாற்றத்துக்கு நாற்பது ஃபார்ம்கள் பதில் சொல்லும். மெசேஜ் பாக்ஸும் நாற்பது வரும். மெயின் ஃபார்மில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்டுக்கொண்டு மற்றவற்றுக்கு அங்கிருந்து தகவல் கொடுங்கள்.

வைஃபையை மட்டும் நுணுக்கமாகக் கவனிக்க வேண்டும் என்றால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ‘நேட்டிவ் வைஃபை’ என்ற ஏபிஐ இருக்கிறது. ‘வ்லான் ஓப்பன் ஹேண்டில்’ போட்டுக் கதவைத் திறந்து, ‘வ்லான் ரெஜிஸ்டர் நோட்டிஃபிகேஷன்’ மூலம் நம் கால்பேக்கைக் கொடுத்துவிட்டால், இணைப்பு தொடங்கியது, முடிந்தது, துண்டிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு சேதி வரும். இணைப்பு முடிந்ததற்கு 10, துண்டிப்புக்கு 21. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 10 வந்தால் இணைப்பு கிடைத்துவிட்டது என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது இணைக்கும் முயற்சி முடிந்தது என்று மட்டுமே சொல்கிறது. கூடவே வரும் காரண எண் வெற்றி என்று சொன்னால்தான் வெற்றி. பாஸ்வேர்டு தப்பாகி முயற்சி முடிந்தாலும் முடிந்ததுதானே!

இந்த ஏபிஐயில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்த ஸ்டாக் மென்பொருள், திறந்து கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு வைஃபை ஒருமுறை விட்டு வந்தால் எந்த எர்ரரும் காட்டாமல் பொசுக்கென்று மறைந்துவிடும். என் மேசையில் ஒருநாளும் அப்படி நடக்கவில்லை. மூன்று நாள் அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் பிடிபட்டது. கால்பேக்குக்காகச் செய்த டெலிகேட்டை நான் எந்த மாறியிலும் வைத்திருக்கவில்லை. ஃபங்ஷனைக் கூப்பிடும் வரியிலேயே உண்டாக்கி விண்டோஸ் கையில் கொடுத்துவிட்டேன். விண்டோஸ் அதை வைத்திருப்பது டாட்நெட்டின் கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது. யாரும் சீந்தாத பொருள் என்று அது கூட்டிப் பெருக்கிவிடும். அடுத்த முறை வைஃபை மாறும்போது விண்டோஸ் அந்த இடத்துக்கு போன் போடும்; வீடே இருக்காது. என்னிடம் டீபக்கரில், நினைத்த மாத்திரத்தில் திறந்து மூடி ஓட்டியதால் கலெக்டர் வருவதற்குள் சோதனையே முடிந்துவிட்டது. டெலிகேட்டைக் கிளாஸ் அளவில் ஒரு ஃபீல்டில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மூன்று நாள் ஸ்டூல்.

கால்பேக்கின் உள்ளிருந்தபடியே பதிவை ரத்து செய்யவும் கூடாது. நடந்துகொண்டிருக்கும் கால்பேக் முடியட்டும் என்று ரத்து காத்திருக்கும். கால்பேக்கோ ரத்து முடியட்டும் என்று நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நின்றுவிடும். வைஃபை சேவையே இல்லாத கம்ப்யூட்டரில் கதவைத் திறக்கும் முதல் அழைப்பே தோற்கும். அதையும் எதிர்பார்த்து எழுதுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் கேபிளில் இருந்தால் அங்கே இதுதான் நடக்கலாம்.

உங்கள் குடோனுக்கு இந்த ஏபிஐ தேவையா? தேவையில்லை என்பேன். ஒரே பெயரில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட் வைத்திருந்து, லேப்டாப்பை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை அறியவேண்டும் என்றால் தேவைப்படும். அப்படித் தாவும்போது பொதுவாக ஐபி முகவரி மாறாது, ஆகவே முகவரி மாற்ற ஈவென்ட் வராது. ஆனால் முகவரி மாறாதவரை டேட்டாபேஸ் இணைப்பும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. எந்த வைஃபை என்று பெயரைப் பார்த்து ஹாட்ஸ்பாட்டைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்தப் பெயரைக் கேட்பதற்கே லொகேஷன் அனுமதி வேண்டும். சுற்றியுள்ள வைஃபைகளை வைத்து ஆள் இருக்கும் இடத்தையே கணித்துவிடலாம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. பில் போடும் மென்பொருள் ‘உங்கள் இருப்பிடத்தை அறியலாமா’ என்று கேட்டால் முதலாளி உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

இணையம் இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு ‘நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர்’ இருக்கிறது. அது பதில் சொல்வதும், டாஸ்க்பாரில் பூகோள உருண்டை தோன்றுவதும் ஒரே சோதனையை வைத்துத்தான். மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலை விண்டோஸ் எடுத்துப் பார்க்கும். உள்ளே ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் அப்படியே இருந்தால் இணையம் உண்டு. ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் குறுக்கே வந்தால் அந்த மூன்று சொற்கள் வராது, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். அலுவலக ஃபயர்வால் அந்த முகவரியைத் தடுத்துவைத்திருந்தால், இணையம் இருந்தும் இல்லை என்று சாதிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டலுக்கு நேரே அனுப்பும் வசதியை நீங்கள் சேர்க்கும் நாளில் இதைப் பாருங்கள். இப்போது வேண்டாம்.

நான் செய்வது இப்படி. முகவரி மாற்ற ஈவென்ட் வந்ததும் எதையும் முடிவுசெய்வதில்லை. இரண்டு விநாடி டைமர் ஒன்றை முதலிலிருந்து ஓடவிடுவேன். அதற்குள் இன்னொரு ஈவென்ட் வந்தால் டைமர் மறுபடி முதலிலிருந்து. சந்தடி அடங்கி இரண்டு விநாடி அமைதி நிலவியதும்தான் சர்வரிடம் நேரே போய்க் கேட்பேன். எஸ்க்யூஎல் சர்வருக்கு ‘செலக்ட் 1’ போதும். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து வைப்பது முக்கியம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இணைப்பைத் திறக்க 15 விநாடி, கட்டளைக்குப் பதில் வர 30 விநாடி என்று டாட்நெட் பொறுமையாகக் காத்திருக்கும். பில் தொங்கியது என்றீர்களே, அது இந்தப் பொறுமைதான். சோதனைக்கு 3 விநாடி வையுங்கள். ஃபார்மின் த்ரெட்டில் வைத்துச் செய்யாதீர்கள். தோற்றால் இணைப்புக் குளத்தைக் காலி செய்ய ‘கிளியர் ஆல் பூல்ஸ்’ கூப்பிடுங்கள். இல்லையென்றால் செத்த இணைப்புகளை எடுத்து எடுத்துக் கொடுத்து, சர்வர் திரும்பி வந்த பிறகும் முதல் சில பில்கள் தோற்கும்.

அப்படியானால் ஐந்து விநாடி டைமரைத் தூக்கி எறிந்துவிடலாமா? முழுக்க வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டரை யாராவது ஷட்டவுன் செய்தால் லேப்டாப்பில் எந்த ஈவென்ட்டும் வராது. வைஃபை அப்படியே இருக்கும், முகவரியும் அப்படியே. அதற்காக அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதே ‘செலக்ட் 1’ போடுங்கள். ஒன்பது மணி நேரக் கடையில் உங்கள் ஐந்து விநாடிக் கணக்கு ஒரு லேப்டாப்புக்கு 6,480 பிங். இது 1,080-இல் முடியும், அதுவும் கேட்க வேண்டிய இடத்தில்.

அடிக்கடி எட்டிப் பார்ப்பது வெறும் வீண் மட்டும் இல்லை, சில நேரம் கெடுதலும் செய்யும். ‘க்யூட்டி’ (Qt) என்ற மென்பொருள் கட்டமைப்பின் 4, 5 பதிப்புகளில் எழுதப்பட்ட விண்டோஸ் மென்பொருள்கள் சில திறந்திருந்தால், பத்து விநாடிக்கு ஒருமுறை வைஃபை ஒரு குலுங்கு குலுங்கும். ஆன்லைனில் விளையாடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இணைப்பு நிலவரம் அறிய க்யூட்டியின் ஒரு பகுதி பத்து விநாடிக்கு ஒருமுறை பார்வையிடப் போய், அது வைஃபை கார்டை ஸ்கேன் செய்ய வைத்தது. ஸ்கேன் செய்யும்போது ரேடியோ தன் சேனலை விட்டுவிட்டு மற்ற சேனல்களுக்குப் போய்க் காதுகொடுத்து வரவேண்டும். அந்த நேரம் நம் டேட்டா வரிசையில் நிற்கும். இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போனதே இணைப்பைக் கெடுத்தது. க்யூட்டி 6-இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, 6.1-இல் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள்.

லேப்டாப் மூடியைச் சாத்தித் திறப்பது தனிக்கதை. தூங்கும்போது பாதி ஈவென்ட்கள் வராமலே போகலாம். ‘பவர் மோட் சேஞ்ச்டு’ ஈவென்ட்டில் விழிப்புச் சேதி வந்ததும் அதே இரண்டு விநாடி டைமரைத் தட்டிவிடுங்கள்; வேறு தனி ஏற்பாடு தேவையில்லை.

கடைசியாக மெசேஜ் பாக்ஸ். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எடை மேசையில் மஞ்சள் தூள் படிந்த கையோடு நிற்கிறவருக்கு, ஓகே அழுத்த வேண்டிய ஒரு பெட்டி குறுக்கே வருவது எரிச்சல். ஃபார்மின் அடியில் ஒரு பட்டை போதும்: பச்சையில் ‘சர்வர் கிடைக்கிறது’, மஞ்சளில் ‘இந்த லேப்டாப்பிலேயே சேமிக்கிறது, அனுப்ப வேண்டிய பில் 3’. பில் பட்டனை முடக்காதீர்கள். உள்ளூரில் எஸ்க்யூலைட்டில் சேமித்து, சர்வர் வந்ததும் அனுப்புங்கள். பில் நம்பர் மோதுமே என்ற கவலைக்கும் வழி உண்டு. ஜிஎஸ்டி விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட நம்பர் வரிசைகளை அனுமதிக்கிறது. ஒவ்வொன்றும் தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், 16 எழுத்துக்குள் இருந்தால் போதும். எடை மேசைக்கு ஒரு வரிசை, லோடு பக்கம் இரண்டு லேப்டாப்புக்கும் இரண்டு வரிசை என்று பிரித்துவிட்டால், மூன்றும் மூன்று பக்கம் துண்டாகி நின்றாலும் நம்பர் மோதாது. கணக்குப் பார்க்கிற ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விண்டோஸ் அல்லாதவற்றில் எழுதும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: லினக்ஸில் இதே வேலைக்கு நெட்வொர்க்மேனேஜர் டி-பஸ் வழியே நிலைமாற்றச் சேதி அனுப்பும். 70 என்றால் இணையம்வரை உண்டு என்று பொருள். மேக்கில் 2018 முதல் ‘பாத் மானிட்டர்’ இருக்கிறது. இரண்டிலும் கடைசியில் சர்வரிடம் நேரே கேட்கும் வேலை உங்களுடையதுதான்.

மாற்றி எழுதியதும் ஒரு நாள் குடோனிலேயே வைத்துச் சோதியுங்கள், உங்கள் வீட்டு மேசையில் வேண்டாம். ரவுட்டருக்கு வரும் ப்ராட்பேண்ட் கம்பியை மட்டும் கழற்றுங்கள். பட்டை பச்சையாகவே இருக்க வேண்டும். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றுங்கள். ஏழெட்டு விநாடிக்குள் மஞ்சளாக வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யுங்கள், லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறங்கள். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே, சேவ் அழுத்திய அதே கணத்தில் ரவுட்டர் கரண்டைப் பிடுங்கியும் பாருங்கள். அந்த பில் சர்வரில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்று இரண்டாகப் பதிவாகியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது வைஃபை சம்பந்தப்பட்டதில்லை, அதற்குத் தனியாக ஒரு பதில் தேவைப்படும்.